ஆன்டிவைரஸ் வாங்கிட்டேன், இனி கவலை இல்லை என்கிறவர்களுக்கு

1/
வைரஸ், இன்ஃபெக்ஷன், ஸ்கேன், குவாரன்டைன், ஹெல்த் செக்கப். இதெல்லாம் எங்க தொழில் வார்த்தைகள். கம்ப்யூட்டர் பாதுகாப்பு விக்கிறவங்க இதை அப்படியே தூக்கிட்டுப் போய், உங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து உங்களைப் பயமுறுத்திக்கிட்டு இருக்காங்க. வார்த்தையை எடுத்துக்கிட்டவங்க அதோட சேர்ந்து வர்ற பொறுப்பை எடுத்துக்கலை. அதைப் பத்தின நீளமான இழை இது. டீ போட்டுட்டு வந்து படிங்க.

2/
முடிவை முதல்லயே சொல்லிடறேன். ஒரிஜினல் விண்டோஸ் 11 ஓடுற, ஒழுங்கா அப்டேட் ஆகுற, சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நீங்க காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை. உள்ளேயே ஒண்ணு இருக்கு. அது போதும். போதாம இருக்கிறது வேற சில விஷயங்கள். அதை எந்தக் கடையிலும் டப்பாவில் போட்டு விக்க முடியாது. அதனாலதான் யாரும் உங்ககிட்ட அதைப் பத்திப் பேசறதில்லை.

3/
"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வரப்போகும் கமென்டுக்கு இப்பவே பதில். தேவையில்லாத மருந்தை எழுதறது, பயத்தை வைத்து டெஸ்ட் விக்கிறது, "எதுக்கும் இருக்கட்டும்" என்று ரெண்டு ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கொடுக்கிறது... இந்த வியாதியை என் தொழிலுக்குள்ளேயே இருபது வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன். வேற கடையில் அதே சரக்கு வித்தா அடையாளம் தெரியாதா?

4/
அந்த "உள்ளேயே இருக்கிறது" என்ன? மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், முழு ஆன்டிவைரஸாகவே விண்டோஸுக்குள் சேர்த்துக் கொடுக்கிறாங்க. தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ரினியூவல் கிடையாது, கார்டு நம்பர் கேட்காது. நீங்க கொடுத்த விண்டோஸ் காசுலயே அது அடக்கம். ஆனா நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அது இருக்கிறதே தெரியாது. காரணம், அது விளம்பரம் பண்றதில்லை.

5/
"டிஃபெண்டர் எல்லாம் சும்மா சார், ஒண்ணும் பிடிக்காது." இந்த வசனத்தை நீங்க கேட்டிருப்பீங்க. ஒரு காலத்தில் இது உண்மைதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி பரிசோதனைகளில் மைக்ரோசாஃப்டோட ஆன்டிவைரஸ் மோசமான மார்க் வாங்கிக்கிட்டு இருந்தது. இப்போ நிலைமை வேற. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் என்கிற சோதனைக்கூடத்தில் பல வருஷமா காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர்களோட அதே முன்வரிசையில் நிக்குது. 2013-இல் படிச்சதை வைத்து இன்னைக்கு நான் மருந்து எழுதினா விடுவீங்களா?

6/
சோதனை முடிவு எங்கே பார்க்கிறது? ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் ரெண்டும் சும்மாவே படிக்கக் கிடைக்கும். பார்த்தா ஒண்ணு கவனிப்பீங்க. முதல் பத்து இடத்தில் இருக்கிறவங்களுக்குள்ள வித்தியாசம் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். ஒருத்தர் இந்த மாசம் முதல், இன்னொருத்தர் அடுத்த மாசம் முதல். "நாங்கதான் நம்பர் ஒன்" என்று எல்லாராலும் விளம்பரம் போட முடியறது இதனாலதான். யாரும் பொய் சொல்லலை. ஆனா யாரும் முழுசாவும் சொல்லலை.

7/
அப்புறம் ஏன் கடைக்காரர் விக்கிறார்? அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரலை. கம்ப்யூட்டர் விக்கிறதில் அவருக்கு லாபம் ரொம்பக் கம்மி. ஆன்லைன் விலையைக் காட்டி நீங்க பேரம் பேசி அதையும் உரிச்சிருப்பீங்க. ஆன்டிவைரஸ் டப்பாவில்தான் அவருக்கு நாலு காசு நிக்கும். கன்சல்டிங் ஃபீஸ் கொடுக்க மூக்கால் அழுதுட்டு, டெஸ்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுறோம் இல்லையா? அதே கதை.

8/
புது லேப்டாப் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. 30 நாள் ட்ரையலோட ஒரு ஆன்டிவைரஸ் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அது இருக்கிற வரை டிஃபெண்டர் ஒதுங்கி நின்னுடும். 30 நாள் முடிஞ்சதும் சிவப்புக் கலர்ல "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று ஆரம்பிக்கும். இருந்த வாட்ச்மேனை வெளியே அனுப்பினதே அவர்தான். இப்போ "வாசல்ல ஆள் இல்லை, காசு கொடுங்க" என்கிறதும் அவர்தான்.

9/
அந்த ட்ரையலை என்ன பண்ணணும்? செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் அன்இன்ஸ்டால் பண்ணுங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்க. டிஃபெண்டர் தானா எழுந்து வேலைக்கு வந்துடும். சந்தேகமா இருந்தா "விண்டோஸ் செக்யூரிட்டி" திறந்து பச்சை டிக் இருக்கான்னு பாருங்க. அவ்வளவுதான். இதுக்கு யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு 500 ரூபாய் கொடுக்க வேண்டாம்.

10/
இப்போ என்னைக் கோபப்படுத்திய கதைக்கு வர்றேன். அமெரிக்காவில் ஆஃபிஸ் டிப்போ என்று பெரிய கடைச் சங்கிலி. அங்கே இலவச "பிசி ஹெல்த் செக்" நடத்தினாங்க. ஆரம்பத்தில் நாலு கேள்வி: கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா, பாப்-அப் வருதா, அடிக்கடி கிராஷ் ஆகுதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா. ஏதாவது ஒண்ணுக்கு டிக் அடிச்சா போதும். ஸ்கேன்ல என்ன கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, "மால்வேர் அறிகுறி இருக்கு" என்று ரிசல்ட் வரும்.

11/
நான் சொல்ற குற்றச்சாட்டு இல்லை இது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி சொன்னது. 2019-இல் அந்தக் கடையும் அதுக்கு சாஃப்ட்வேர் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க. "களைப்பா இருக்கா?" என்று கேட்டு, "ஆமாம்" என்று நீங்க சொன்னதும், ரத்தமே எடுக்காம "உங்களுக்கு சுகர்" என்று ரிப்போர்ட் அடிச்சுக் கொடுக்கிற லேப் மாதிரி.

12/
அதனால ஒரு விதி எழுதி வெச்சுக்கங்க. கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு என்பது ஒரு அறிகுறி. அது நோய் இல்லை. நாலு ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க், பிரவுசர்ல நாப்பது டேப். பெரும்பாலும் காரணம் இதுதான். அந்தப் பழைய டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா, ரெண்டு வருஷ ஆன்டிவைரஸ் ரினியூவல் தராத நிம்மதி கிடைக்கும். எல்லாக் களைப்பும் கேன்சர் இல்லைங்க.

13/
அடுத்தது பக்க விளைவு. "இருந்தா என்ன டாக்டர் கெட்டுப் போச்சு, எக்ஸ்ட்ரா பாதுகாப்புதானே?" என்பீங்க. இல்லை. ஆன்டிவைரஸ் என்பது உங்க கம்ப்யூட்டரோட அடிமடி வரைக்கும் கை வைக்க அனுமதி வாங்கின சாஃப்ட்வேர். எந்த ஃபைலையும் திறக்கும், தடுக்கும், அழிக்கும். சர்ஜன் கையில கத்தி மாதிரி. தேவைன்னா கொடுக்கணும்தான். ஆனா "எதுக்கும் இருக்கட்டும்" என்று யாராவது ஆபரேஷன் பண்ணிக்குவாங்களா?

14/
2010 ஏப்ரல் 21. மெக்கஃபி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று நினைச்சுப் பிடிச்சுது. உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிப் படுத்தது. எங்க பாஷையில இது ஆட்டோ இம்யூன் வியாதி. காக்க வேண்டிய படை சொந்த உடம்பையே தாக்கறது.

15/
பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோட நின்னுச்சு. விமானம் நின்னுச்சு, ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தள்ளிப் போச்சு. அது கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர்தான், வீட்டுக்கானது இல்லை. ஆனா பாடம் ஒண்ணுதான்: பாதுகாப்பு சாஃப்ட்வேரும் ஒரு மருந்து. மருந்துன்னா பக்க விளைவு உண்டு.

16/
பிரைவசி? அவாஸ்ட். கோடிக்கணக்கான பேர் நம்பி இலவசமா போட்டுக்கிட்டது. "உங்களை யாரும் பின்தொடராம பார்த்துக்கறோம்" என்று சொன்ன அதே நிறுவனம், நீங்க எந்த வெப்சைட் போனீங்க என்கிற தகவலை ஜம்ப்ஷாட் என்கிற துணை நிறுவனம் வழியா வித்தது என்று எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி, அந்தத் தகவலை விளம்பரத்துக்கு விக்கத் தடையும் போட்டாங்க. நீங்க எந்த நோயைப் பத்தித் தேடினீங்க என்பதும் அந்த மாதிரித் தகவல்லதான் வரும். ஒரு டாக்டரா எனக்கு அது உறுத்துது.

17/
நார்ட்டன் 2021-இல் தன் ஆன்டிவைரஸுக்குள்ளேயே கிரிப்டோ மைனிங் வசதி கொண்டு வந்தது. விரும்பினா ஆன் பண்ணிக்கலாம் என்று அப்போ இருந்தது. உங்க கரன்ட், உங்க கம்ப்யூட்டர், கிடைக்கறதில் 15 சதவீதம் அவங்களுக்கு. சட்டப்படி தப்பில்லை. ஆனா காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டுப் போனா சீட்டுக் கம்பெனியில் சேரச் சொல்ற மெடிக்கல் ஷாப்பை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?

18/
ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் போட்டு வெச்சிருக்கிறவங்களும் இருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடிச்சு இழுப்பாங்க. ஒருத்தர் பிடிச்சு வெச்ச வைரஸைப் பார்த்து இன்னொருத்தர் அலறுவார். கம்ப்யூட்டர் தவழும். மூணு டாக்டர்கிட்டப் போய் மூணு பிபி மாத்திரையை ஒண்ணா போட்டுக்கிட்டு மயங்கி விழுந்து வர்ற பெரியவர்களை நான் பார்க்கிறேன். ஒண்ணு வெச்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணு.

19/
சரி, நிஜமாவே நம்ம வீடுகளில் நடக்கிற சேதம் எங்கிருந்து வருது? என் பட்டியல்ல முதல் இடம்: கிராக். திருட்டு விண்டோஸ், திருட்டு ஆஃபிஸ், திருட்டு போட்டோஷாப். இந்தக் கிராக்கோட வர்ற குறிப்பில் முதல் வரி என்ன தெரியுமா? "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்." திருடன் வந்து "நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க" என்கிறான். நாமும் கட்டிப் போட்டுட்டு காபி கொடுக்கிறோம்.

20/
ஸ்டாப் அல்லது டெஜாவு என்கிற ரான்சம்வேர் வீட்டுக் கம்ப்யூட்டர்களைத்தான் குறி வைக்கும். பரவுற வழி பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர். உங்க குழந்தையோட முதல் வருஷ போட்டோ, கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாத்தையும் பூட்டிட்டு 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள்ள பேசினா பாதி விலையாம், 490. ஆடித் தள்ளுபடி! பழைய வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமா சாவி கொடுத்துது. புது வகை என்றால் பெரும்பாலும் போனது போனதுதான்.

21/
இன்னும் மோசம் ஒண்ணு. 1500 ரூபாய்க்கு ஒரிஜினல் ஆன்டிவைரஸ், அதுக்குக் கீழே திருட்டு விண்டோஸ். இந்தக் காம்பினேஷன் நம்ம ஊர்ல சாதாரணம். அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறவரே ரெண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அஸ்திவாரத்தில் கரையான், வாசல்ல திருஷ்டிப் பூசணிக்காய். அந்த 1500 ரூபாயை வருஷா வருஷம் கட்டறதுக்கு பதில் ஒரே தடவை ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸ் வாங்கலாம். இல்லையா, லினக்ஸ் மின்ட் இலவசம், அதைப் போட்டுக்கலாம். பிள்ளைங்க படிக்க, பில் கட்ட, படம் பார்க்க அது தாராளமா போதும்.

22/
ரெண்டாவது: அப்டேட்டைத் தள்ளிப் போடறது. 2017 மே 12, வான்னாக்ரை. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் மூன்றில் ஒரு பங்கு டிரஸ்டுகள் பாதிப்பு. 19,000-க்கு மேல் அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும் என்பது அரசுத் தணிக்கையாளர் அறிக்கை சொல்லும் கணக்கு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் எப்போ கொடுத்துது? மார்ச் 14. ரெண்டு மாசம் முன்னாடியே. தடுப்பூசி ஃப்ரிட்ஜ்ல இருந்துது. யாரும் போட்டுக்கலை.

23/
நம்ம நாட்டிலும்தான். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். சர்வர்கள் முடங்கி, ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை நாள் கணக்கில் கையால் எழுதினாங்க. அங்கேயே இந்த நிலைமை என்றால், "ரிமைண்ட் மீ லேட்டர்" அழுத்தி அழுத்தி ஆறு மாசம் ஓட்டுற உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? ராத்திரி தூங்கப் போகும்போது ரீஸ்டார்ட் அழுத்திட்டுப் போங்க. அவ்வளவுதான் கேட்கிறேன்.

24/
விண்டோஸ் 10 வெச்சிருக்கிறவங்க காது கொடுங்க. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கான சாதாரண அப்டேட் நின்னுடுச்சு. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அதுக்கு மேல. டிஃபெண்டரோட வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. அதை நம்பி நிம்மதியா இருக்காதீங்க. தெருவில் போற திருடனோட போட்டோ வாட்ச்மேனுக்கு வந்துக்கிட்டே இருக்கும். ஆனா வீட்டுப் பின்கதவு உடைஞ்சது உடைஞ்சதுதான். "பழைய விண்டோஸ்தான், ஆனா ஸ்ட்ராங்கா ஆன்டிவைரஸ் போட்டிருக்கேன்" என்பதும் இதே தப்புதான்.

25/
மூணாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. போன். "மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசறோம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு." "பேங்க்ல இருந்து பேசறோம் சார், கேஒய்சி." அப்புறம் எனிடெஸ்க் மாதிரி ஒண்ணை இன்ஸ்டால் பண்ணச் சொல்லுவான். அது வைரஸ் இல்லை. ஐடி கம்பெனிகள் தினமும் நேர்மையா பயன்படுத்துற சாஃப்ட்வேர். அதனால ஆன்டிவைரஸ் வாயே திறக்காது. கதவை உள்ளிருந்து திறந்து விட்டது உங்க அப்பா. எந்தப் பூட்டுக் கம்பெனியால என்ன பண்ண முடியும்?

26/
இப்படி பென்ஷன் பணத்தை இழந்துட்டு நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை என்று வர்றவங்களைப் பார்க்கிறேன். ஈசிஜி நார்மலா இருக்கும். நாலு கேள்வி கேட்டா அழுதுடுவாங்க. பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, அவமானம். இவங்க வீட்டிலும் ஆன்டிவைரஸ் இருந்திருக்கும், "முழுப் பாதுகாப்பு" என்று டப்பாவில் எழுதியிருக்கும். "நான்தான் காசு கட்டியிருக்கேனே" என்கிற அந்த நம்பிக்கைதான் அவங்களை அசர வைக்குது. என் சண்டை சாஃப்ட்வேரோட இல்லைங்க, அந்த வார்த்தையோட. முழுப் பாதுகாப்பு என்று எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் எழுதினா மெடிக்கல் கவுன்சில்ல பதில் சொல்லணும்.

27/
நாலாவது, போலி எச்சரிக்கை. வலது கீழ் மூலையில் "உங்க ஆன்டிவைரஸ் காலாவதி, 17 வைரஸ் இருக்கு" என்று வரும். பெரும்பாலும் அது ஆன்டிவைரஸே இல்லை. ஏதோ ஒரு வெப்சைட்ல "அலோ" அழுத்தியிருப்பீங்க, பிரவுசர் வழியா அந்த வெப்சைட் அனுப்பற நோட்டிஃபிகேஷன் அது. பிரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் தெரியாத பேரை எல்லாம் நீக்குங்க. பாதி "வைரஸ்" அங்கேயே குணமாகிடும். நிஜ கம்பெனிகளே இதே பாணியில் கத்திக் கத்திப் பழக்கப்படுத்தினதால்தான் போலியைப் பார்த்தும் நாம நம்பறோம். அந்தப் பழியில் அவங்களுக்கும் பங்கு உண்டு.

28/
மறுபக்கத்துக்கும் நியாயமா பேசணும். காசு கொடுத்து வாங்கறதில் அர்த்தம் இருக்கிற இடம் உண்டு. டிஃபெண்டர் இன்டர்நெட் இருக்கும்போது நல்லா வேலை செய்யும். நெட் இல்லாதபோது பிடிக்கிற திறன் குறையுது என்று ஏவி-கம்பேரடிவ்ஸ் சோதனைகளே காட்டுது. நெட் சரியா வராத ஊர், நாள் முழுக்க கண்ட பென் டிரைவும் சொருகுற ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர். அங்கே நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு தனியா வாங்கறது நியாயம். நம்ம சென்னையிலேயே 1991-இல் ஆரம்பிச்ச கே7 இருக்கு, புனேவின் குயிக் ஹீல் இருக்கு. சோதனை முடிவைப் பார்த்து வாங்குங்க. பயந்து வாங்காதீங்க.

29/
"அப்போ ஆன்டிவைரஸே வேஸ்ட், நான் உஷாரா இருப்பேன்" என்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. டிஃபெண்டரையும் ஆஃப் பண்ணிட்டு கேம் வேகமா ஓடுதுன்னு பெருமைப்படற உங்களைப் பத்திதான். கை கழுவறேன், அதனால தடுப்பூசி வேண்டாம் என்கிற ஆள் மாதிரி இருக்கீங்க. பிரவுசர்ல ஒரு ஓட்டை, நல்ல வெப்சைட்ல ஒரு கெட்ட விளம்பரம், இது போதும். உங்க உஷாரு அங்கே உதவாது. ஆன்டிவைரஸ் வேணும். ரெண்டாவது ஆன்டிவைரஸ்தான் வேண்டாம்.

30/
சரி, மருந்துச் சீட்டு. "விண்டோஸ் செக்யூரிட்டி" திறங்க. வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ்.
• ரியல் டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்ஷன் எல்லாம் ஆன்.
• அதே பக்கத்தில் கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ். அது காலியா இருக்கணும். நீங்க சேர்க்காத ஏதாவது அங்கே இருந்தா, கிராக்கோ வைரஸோ உங்க பேர்ல எழுதி வெச்சிருக்கு. நீக்கிட்டு முழு ஸ்கேன் போடுங்க.
• அப்பவும் சந்தேகமா? மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழுந்திருக்கும் முன்னாடியே தேடும்.

31/
• ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதில் ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன். எல்லாம் ஆன். ஒட்டிக்கிட்டு வர்ற குப்பை ஆப்களை இது தடுக்கும்.
• ரான்சம்வேர் புரொடெக்ஷன்ல கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். வழக்கமா ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணுங்க. தெரியாத சாஃப்ட்வேர் உங்க டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்ல கை வெச்சா தடுக்கும். சில நல்ல சாஃப்ட்வேரையும் தடுக்கும், ஒரு தடவை அனுமதி கொடுத்தா சரியாகிடும். டிஃபெண்டர் முதன்மை ஆன்டிவைரஸா இருந்தாத்தான் இது வேலை செய்யும் என்பதையும் கவனிங்க.

32/
• பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் தனியா ஸ்டாண்டர்டு அக்கவுண்ட். அட்மின் பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்ட மட்டும். இந்த ஒண்ணே பாதித் தொல்லையைக் குறைக்கும்.
• ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் காட்டச் சொல்லுங்க. "பில்.பிடிஎஃப்" போல் இருக்கிறது உண்மையில் "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்றால் அப்போதான் தெரியும்.
• ஜெராக்ஸ் கடைக்குப் போன பென் டிரைவை, திரும்பி வந்ததும் ரைட் கிளிக் பண்ணி ஸ்கேன் பண்ணாம திறக்காதீங்க. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருந்தா தொடவே தொடாதீங்க. பிரின்ட் எடுக்க மெயிலோ காலி பென் டிரைவோ போதும்.

33/
• ஆன்டிவைரஸ் உயிரோட இருக்கான்னு சோதிக்க ஐகார் டெஸ்ட் ஃபைல் இருக்கு. 68 எழுத்துள்ள, எந்தத் தீங்கும் பண்ணாத ஃபைல். எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்துக் கத்தணும் என்று ஒப்பந்தம். நாங்க முட்டியில சுத்தியல் தட்டிப் பார்க்கிற மாதிரி. கால் உதைச்சா நல்லது.
• ஏற்கனவே வாங்கிட்டீங்களா? பதறிப் பிடுங்கி எறிய வேண்டாம், வருஷம் முடியட்டும். ஆட்டோ ரினியூவலை மட்டும் இன்னைக்கே ஆஃப் பண்ணுங்க. கார்டுல பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னாடி மெசேஜ் வரணும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. அந்த மெசேஜைப் படிக்காம அழிக்காதீங்க.

34/
• கடைசியா, இதுதான் முக்கியம்: பேக்கப். அந்த ரினியூவல் பணத்தை ரெண்டு மூணு வருஷம் சேர்த்தா ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க். மாசம் ஒரு தடவை போட்டோ, டாக்குமென்ட் காப்பி பண்ணிட்டு கழட்டி பீரோவில் வைங்க. கழட்டி! சொருகியே வெச்சிருந்தா ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். இன்னொரு காப்பி கூகுள் டிரைவ் மாதிரி எங்கேயாவது. எந்த ஆன்டிவைரஸும் தோற்கும் ஒரு நாள் வரும். அன்னைக்கு உங்களைக் காப்பாத்தப் போறது பீரோவில் இருக்கிற அந்த டப்பாதான்.

35/
பணம் போயிடுச்சா? யோசிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க. தேசிய சைபர் கிரைம் உதவி எண். மாரடைப்புல முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இது. பணம் கை மாறும் முன்னாடி அக்கவுண்டை முடக்கினாத்தான் மீட்க வாய்ப்பு. ஃபைல் பூட்டப்பட்டிருந்தா காசு கொடுக்கும் முன் "நோ மோர் ரான்சம்" வெப்சைட்ல இலவச சாவி இருக்கான்னு பாருங்க. யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-இல் ஆரம்பிச்சது. மால்வேர் சுத்தம் பண்ண சிஇஆர்டி-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவில் இலவசக் கருவிகள் இருக்கு. நம்ம வரிப் பணம்தான், பயன்படுத்துங்க.

36/
இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. உங்க அப்பா அம்மா வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி அரை மணி நேரம் உட்காருங்க. 30 முதல் 34 வரை இருக்கிறதைப் பண்ணிக் கொடுங்க. பண்ணிட்டு அவங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிட்டு வாங்க: "யார் போன் பண்ணி எதை இன்ஸ்டால் பண்ணச் சொன்னாலும், கட் பண்ணிட்டு எனக்குப் போடுங்க. நான் திட்ட மாட்டேன்." அந்தக் கடைசி மூணு வார்த்தையை விட்டுடாதீங்க. திட்டுவோம் என்கிற பயத்தில்தான் அவங்க நம்மகிட்ட சொல்றதில்லை.

இழை முடிந்தது. வீட்டு குரூப்ல பகிருங்க. கமென்ட்ல வந்து "அப்போ எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் டாக்டர்?" என்று கேட்கிறவங்க தயவுசெய்து 2-ஆவது பதிவுக்குத் திரும்பப் போகவும்.